டவர் வந்துவிட்டது

ஜனவரி 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. மாமா எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்காதே, கேட்டால் அடிக்க வருவார். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

அவருக்குப் பை மாற்றுவது எனக்கு இப்போது பல் தேய்க்கிற மாதிரி ஆகிவிட்டது. கையைக் கழுவு, வயிற்றுக் குழாயில் பையை மாட்டு, பழைய தண்ணீரை வடி, புது மருந்துத் தண்ணீரை உள்ளே விடு. கிட்னி செய்கிற வேலையை இந்தப் பிளாஸ்டிக் பையும் நானுமாகச் செய்கிறோம். வடித்த தண்ணீர் தெளிவாக இருந்தால் நல்லது. கலங்கியிருந்தால் வயிற்றுக்குள் கிருமி புகுந்துவிட்டது என்று அர்த்தம், உடனே படம் எடுத்து டவுன் ஆஸ்பத்திரி நர்ஸுக்கு அனுப்ப வேண்டும் என்று பெட்டி மேல் ஒட்டியிருக்கிறார்கள். எப்படி அனுப்புவது? புறா காலில் கட்டியா? என் போன் இங்கே டார்ச் லைட்டாகத்தான் உதவுகிறது. மாதம் ஒருமுறை டவுனுக்கு இறங்கும்போதுதான் அதற்கு உயிர் வரும்.

இப்போது ஒரு கெட்ட செய்தி. மரம் அறுக்கிற மில் ஆபீஸில் இருக்கிற லேண்ட்லைனை எடுக்கப் போகிறார்கள். இந்தக் குடியிருப்புக்கே அது ஒன்றுதான். எல்லோரும் இன்டர்நெட்டுக்கு மாறிவிட்டார்களாம், கம்பிப் போன் இனி கட்டுப்படியாகாதாம். மில் மேனேஜர் என்னிடம், “ஆட்சேபணை இருந்தா சொல்லலாம்மா, ஆனா அதை இன்டர்நெட்ல போய்த்தான் சொல்லணுமாம்” என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாமாவுக்குக் கிட்னி கிடைத்தால் பெரிய ஆஸ்பத்திரி உனக்கு மெசேஜ் அனுப்பும், நீ மில்லுக்கு அடிப்பாய், மில் லாரியில் இவரை ஏற்றி அனுப்பலாம் என்றுதானே இத்தனை நாள் தைரியமாக இருந்தோம். இனி நீ எங்கே அடிப்பாய்?

யோசித்து எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி. நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், நம்பு. மாமாவை நான் கேட்டதாகச் சொல்லாதே, அடி வாங்க என்னால் முடியாது.

உன் கடிதம் படித்ததில் இருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. நேற்று ஒரு வீட்டில் இன்டர்நெட் லைன் போட்டேன். அந்த வீட்டுக்கு அது மூன்றாவது லைன். எதற்கு என்று நினைக்கிறாய்? பகலில் நாய் தனியாக இருக்கிறதாம், அது என்ன செய்கிறது என்று ஆபீஸில் இருந்தபடியே பார்க்க வேண்டுமாம். அந்த அம்மா சொல்கிறார், “ரெண்டு நிமிஷம் நெட் நின்னாக்கூட எங்களுக்குக் கை ஒடிஞ்ச மாதிரி ஆயிடுதுங்க.” நான் தலையை ஆட்டிக்கொண்டு ஆணி அடித்தேன். உங்கள் பக்கம் எப்போது வரும் என்று எங்கள் சூப்பர்வைசரைக் கேட்டேன். “அங்க எத்தனை வீடு இருக்கு? நாலு பேருக்காக மலை மேல கம்பி இழுக்கச் சொல்றியா?” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

எனக்கு இன்னொரு பயமும் இருக்கிறது, உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். இங்கே எல்லாக் கட்டடத்துக்கும் லைன் பூமிக்கு அடியில் இருக்கிற கிடங்கில் இருந்துதான் ஏறுகிறது. பாதி நாள் நான் அந்தப் பாதாளத்தில்தான். அங்கே சுத்தமாக டவர் கிடைக்காது. ஆஸ்பத்திரி மெசேஜுக்கு ஒரு மணி நேரத்தில் பதில் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மேலே ஏறி வந்ததும் முதல் வேலையாகப் போனைத்தான் பார்க்கிறேன். தம்பி பாதாளத்தில், அக்கா மலையில். நடுவில் இருக்கிறவனுக்குத்தான் டவர் என்று ஆகிவிட்டது நம் பிழைப்பு.

மெசேஜ் வந்தால் பதில் தட்டிவிட்டு நானே வண்டியை எடுத்துக்கொண்டு வந்து மாமாவைத் தூக்கிக்கொண்டு போவேன். கவலைப்படாதே.

அன்புடன், தம்பி

பிப்ரவரி 10

அன்புத் தம்பிக்கு,

அக்காவும் மாமாவும் சேர்ந்து எழுதுவது. அதாவது நான் எழுதுகிறேன், அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு பிழை பிடிக்கிறார். உன் பாதாள வேலையில் கை கால் பத்திரம்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். டவர் வந்துவிட்டது!

போன வாரம்தான் வந்தது. குடியிருப்பே மேட்டில் கூடிவிட்டது. அடுப்படியில் நின்றால் தெரியவில்லை, ஜன்னல் பக்கம் போனால் முழுசாகத் தெரிகிறது. மாமா கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொன்னார். “வந்துருச்சுடி, கடைசியில வந்துருச்சு” என்று நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கல்யாணத்தன்றுகூட என்னை அப்படிப் பார்த்தது கிடையாது.

மில் லேண்ட்லைனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அது இருந்த இடத்தில் இப்போது சுவரில் ஒரு ஓட்டை இருக்கிறது. போகட்டும், இனி அதற்காக அழப்போவதில்லை. எங்களுக்கும் விடிவு வந்துவிட்டது. இவருக்குக் கிட்னியும் சீக்கிரம் வந்துவிடும் என்று எனக்கு ஏனோ தோன்றுகிறது.

தபால்காரர் கிளம்புகிறார். நிறுத்துகிறேன்.

உன் அக்கா

பிப்ரவரி 20

என் அருமை அக்காவுக்கு,

அப்பாடா! உன் கடிதத்தைப் படித்துவிட்டு அறையில் இருக்கிறவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன். மாமா கட்டிலை ஜன்னலோரம் போட்டதுதான் சரி. முழுசாகத் தெரிகிறது என்றால் நான்கு கோடும் காட்டுகிறது என்று அர்த்தம். போனையும் அந்த ஜன்னலிலேயே வைத்துவிடு. அடுப்படிக்குத் தூக்கிக்கொண்டு போகாதே.

நானும் சும்மா இருக்கவில்லை. நேற்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் உன் நம்பரைக் கொடுத்துவிட்டேன். கம்ப்யூட்டரில் ஒரு நம்பர்தான் போட முடியுமாம். என்னுடையதை எடுத்துவிட்டு உன்னுடையதைப் போடச் சொன்னேன். கவுண்டரில் இருந்த பெண் இரண்டு தரம் கேட்டார், “அந்த எடத்துல டவர் கிடைக்குமா? நல்லாத் தெரியுமா?” “கிடைக்குதுங்க, எங்க அக்காவே எழுதியிருக்காங்க” என்றேன் பெருமையாக. இனி நான் பாதாளத்தில் இருந்தாலும் பயமில்லை. மெசேஜ் நேராக உன் கைக்கே வரும். வந்தவுடன் மாமாவைப் படிக்கச் சொல், இங்கிலீஷில்தான் வரும். ஒரு மணி நேரத்துக்குள் ‘சரி’ என்று தட்டிவிட்டு மில் லாரியில் ஏறிவிடுங்கள்.

உனக்கு நாலைந்து தடவை போன் அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று அந்தப் பொம்பளை பாடிக்கொண்டே இருக்கிறாள். அணைத்து வைத்திருக்கிறாயா? டார்ச் லைட் பழக்கம் போகவில்லையா உனக்கு? எப்போதும் ஆன் செய்தே வை. இதை மட்டும் மறக்காதே.

எனக்கு இன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூக்கம் வரும்.

அன்புத் தம்பி

மார்ச் 3

தம்பி,

உடம்பு நலம் எல்லாம் பிறகு கேட்கிறேன். அட மடையா!

நான் டவர் வந்துவிட்டது என்று எழுதியது இரும்பு டவரை. நாலு காலை நட்டு, உச்சியில் வெள்ளையாக முரசு மாதிரி இரண்டு கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஜன்னலில் இருந்து முழுசாகத் தெரிவது அதுதான். கரன்ட் இன்னும் கொடுக்கவில்லை. எப்போது கொடுப்பார்கள் என்று வேலைக்கு வந்தவனைக் கேட்டதற்கு, “நாங்க நட்டுட்டுப் போற ஆளுங்கம்மா, உயிர் குடுக்கிறது வேற ஆளு” என்றான். போனில் ஒரு கோடு இல்லை. கோடு இல்லாததால் நீ அடித்ததும் எனக்குத் தெரியவில்லை.

தப்பு என் மேலும் இருக்கிறது. கோடு வந்தாலும் டவர் என்கிறோம், இரும்பு வந்தாலும் டவர் என்கிறோம். நான் விளக்கமாக எழுதியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் எழுதிவிட்டேன்.

இந்தக் கடிதம் கிடைத்த கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடு. என் நம்பரை எடுத்துவிட்டு உன்னுடையதைப் போடு. பாதாளமோ என்னவோ, உனக்காவது பாதி நாள் கிடைக்கிறது. நாளை மாமாவின் பரிசோதனைக்கு டவுனுக்கு இறங்குகிறோம். தபால்காரருக்குக் காத்திருக்காமல் அங்கேயே பெட்டியில் போடுகிறேன். போனிலும் பிடிக்கப் பார்க்கிறேன்.

நடுவில் எதுவும் வந்திருக்கக் கூடாது. அது ஒன்றுதான் எனக்கு. மாற்றியதும் பதில் போடு.

அக்கா

மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

பதில் போடத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம். ஆஸ்பத்திரிக்குப் போனேன். இப்போது பழையபடி என் நம்பர்தான் இருக்கிறது. நடுவில் எதுவும் வரவில்லை. கேட்டுப் பார்த்தேன்.

கிடங்கு வேலை வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். இனி மாடி வேலை மட்டும்தான். சம்பளம் குறையும், பரவாயில்லை. போனைக் குளிக்கும்போதுகூடப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.

மாமாவுக்குக் கம்பளி ஒன்றும் ஹார்லிக்ஸ் இரண்டும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வேறு என்ன வேண்டும் என்று எழுது. எது வேண்டுமானாலும் எழுது அக்கா.

தம்பி

ஏப்ரல் 8

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. நாங்கள் நலம். பார்சல் வந்தது. ஹார்லிக்ஸ் எதற்கடா, அவர் என்ன பரீட்சைக்கா படிக்கிறார்? கம்பளி நன்றாக இருக்கிறது.

உன் கடிதத்தை மாமாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். “நடுவில் எதுவும் வரவில்லை” என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன். “சரி, நல்லவேளை” என்று சிரித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்கும் அந்தப் பயம் இருந்திருக்கிறது பார், வெளியே காட்டாத மனுஷன்.

போன மாதம் டவுனில் இருந்து உனக்கு அடித்தேன், கிடைக்கவில்லை. பாதாளத்தில் இருந்திருப்பாய். என் போன் அங்கே உயிர் வந்து கீச் கீச் என்று கத்தியது. ஏதோ இங்கிலீஷில் மெசேஜ். மாமாவிடம் நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார். “என்னங்க?” என்றேன். “விளம்பரம்டி. சிம் கம்பெனிக்காரன்” என்றார். மலையில் இருக்கிறவர்களுக்கும் விளம்பரம் அனுப்ப மட்டும் மறப்பதில்லை.

நீ ஏன் கடிதத்தை அவ்வளவு சுருக்கமாக எழுதினாய்? உடம்பு சரியில்லையா? மறைக்காதே.

அக்கா

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் ஜலதோஷம். மாமா எப்படி இருக்கிறார்?

நீ எழுதிய அந்த இங்கிலீஷ் மெசேஜை அழித்துவிடு. அப்படி வருவதைத் தெரியாமல் தொட்டால் போனே கெட்டுவிடும், எங்கள் கம்பெனியிலேயே சொல்லியிருக்கிறார்கள். யாரிடமும் படிக்கக் கொடுக்க வேண்டாம்.

மாமா அதைப் படித்துவிட்டு வேறு ஏதாவது சொன்னாரா? சும்மாதான் கேட்கிறேன்.

மாமாவுக்குக் கட்டாயம் கிட்னி கிடைக்கும். நான் வாரா வாரம் போய்க் கவுண்டரில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

தம்பி

மே 16

தம்பிக்கு,

உன் ஜலதோஷம் விட்டதா? இங்கே நலமென்று எழுத மனம் வரவில்லை.

மாமா முன்பு மாதிரி இல்லை. பை மாற்றக் கூப்பிட்டால், “இப்ப வேணாம்டி, அப்புறம் பார்த்துக்கலாம்” என்கிறார். கை கழுவாமல் குழாயைத் தொடுகிறார். சிடுசிடுப்பாவது காட்டினால் பரவாயில்லை, அதுவும் இல்லை. நேற்று எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “உங்களுக்காக நான் நாய் மாதிரி உழைக்கிறேன், என் தம்பி அங்க கவுண்டர் கவுண்டரா ஏறி இறங்குறான், உங்களுக்குக் கொஞ்சமாவது அக்கறை இருக்கா? சோம்பேறி!” என்று கத்திவிட்டேன். குழந்தை மாதிரி எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

இன்று காலை வடித்த தண்ணீர் கலங்கலாக இருக்கிறது. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி. காய்ச்சலும் இருக்கிறது. மழையில் சாலை சரிந்ததால் மில் லாரி மேலே வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வரும் என்கிறார்கள். படத்தை எடுத்துப் போனில் வைத்திருக்கிறேன், அனுப்பத்தான் வழியில்லை. ஜன்னலுக்கு வெளியே அந்த இரும்பு நிற்கிறது.

மெசேஜை அழிக்கச் சொன்னாயே, மாமாவிடம் கேட்டேன். “அப்பவே அழிச்சிட்டேன்னு எழுது. வெறும் விளம்பரம்தான்னும் எழுது” என்றார். எழுதிவிட்டேன்.

நீ ஒருமுறை வந்து அவரை ஒரு அதட்டு அதட்டினால் தேவலை. நான் சொன்னால் கேட்பதில்லை. “அவனை வரச் சொல்லாத, அவன் வந்தா அழுவான்” என்கிறார். கிண்டலுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

தபால்காரர் நடந்தே இறங்குகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அக்கா

ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று எந்த வாயால் கேட்பது? சாப்பிடுகிறாயா?

மாமாவின் காரியம் எல்லாம் முடிந்த மறுநாளே கிளம்பி வந்துவிட்டேன் என்று வருத்தம் இருக்கும். லீவு கொடுக்கவில்லை. அந்த வீட்டில் என்னால் உட்காரவும் முடியவில்லை. ஜன்னலோரம் அந்தக் கட்டில் காலியாகக் கிடந்தது.

நீ அங்கே தனியாக இருக்க வேண்டாம். இங்கே வந்துவிடு. வேறு வீடு பார்க்கிறேன்.

உங்கள் டவருக்குக் கரன்ட் கொடுத்துவிட்டதாகக் கம்பெனியில் கேள்விப்பட்டேன். இனிக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்கிறேன். எடு அக்கா.

தம்பி

ஜூலை 29

தம்பிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். சாப்பிடுகிறேன். நீயும் சாப்பிடு.

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு வேலை அதிகம் என்று பொய் சொல்லப் போவதில்லை.

மீதி இருந்த மருந்துப் பைகளைத் திருப்பிக் கொடுக்க டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அந்த நர்ஸம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “கிடைச்ச கிட்னியை ஏம்மா விட்டீங்க? ஆபரேஷனுக்குப் பயந்துட்டாரா?” என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. “எந்தக் கிட்னி?” என்றேன். “மார்ச் ஆரம்பத்துல உங்க போனுக்கு மெசேஜ் வந்துச்சே. பதில் வரலைன்னு அடுத்த ஆளுக்குக் குடுத்துட்டாங்க. அவர் பேரையும் கடைசிக்குத் தள்ளிட்டாங்க. உங்க தம்பி பெரிய ஆஸ்பத்திரிக் கவுண்டர்ல வந்து தலையில அடிச்சிக்கிட்டு அழுதாராமே, உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. தெரியும் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மில் லாரியில் திரும்பி வரும்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. டவுனில் என் போன் கத்தியபோது வந்தது விளம்பரம் இல்லை. அவர் வெகுநேரம் பார்த்தாரே, தன் உயிரைப் பற்றித்தான் படித்திருக்கிறார். காலம் கடந்துவிட்டது என்று தெரிந்துதான் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறார். நான் உன்னைக் கரித்துக்கொட்டக் கூடாது என்று விளம்பரம் என்றிருக்கிறார். பிறகு உன் கடிதம் வந்தது. நடுவில் எதுவும் வரவில்லை என்று நீ எழுதியதை நான் அவருக்கு, என் வாயால், இரண்டு தரம் படித்துக் காட்டினேன். அவர் சிரித்தார்.

தப்பாகப் புரிந்துகொண்டதற்கு உன்னை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அந்த வார்த்தையை எழுதியது நான். யாராக இருந்தாலும் அப்படித்தான் படித்திருப்பார்கள். நீ உண்மையை எழுதியிருந்தால் நான் உன்னைத் திட்டியிருப்பேன், சபித்துக்கூட இருப்பேன், ஒரு மாதத்தில் ஆறியிருக்கும். நாம் மூன்று பேரும் சேர்ந்து அழுதிருப்போம். பெயரை மறுபடி மேலே போடச் சொல்லி நானே அந்தக் கவுண்டரில் போய் விழுந்திருப்பேன். அந்த மனுஷன் ஏன் பை வேண்டாம் என்கிறார் என்று எனக்குத் தெரிந்திருக்கும். நம்பிக்கை போன ஆளை, எனக்காகவும் உனக்காகவும் வாயை மூடிக்கொண்டிருந்த ஆளை, நான் தினம் தினம் சோம்பேறி என்று திட்டினேன் தம்பி. கடைசிக் காய்ச்சலிலும் திட்டினேன். “சரிடி, சரிடி” என்றுதான் சொன்னார். அந்த மூன்று மாதத்தையும் எனக்கு யார் திருப்பித் தருவது?

நீ பயந்துவிட்டாய், தெரியும். உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான், உன் பயம் எனக்குத் தெரியாதா? ஆனால் அழித்துவிடு என்று எழுதினாய் பார், அதைப் பயம் என்று என்னால் நினைத்துக்கொள்ள முடியவில்லை. எவ்வளவோ முயற்சி செய்துவிட்டேன்.

அங்கே வரச் சொல்லிக் கேட்காதே. நான் வரவில்லை. மில்லில் சமையல் வேலை கேட்டிருக்கிறேன், தருவார்கள்.

டவருக்கு உயிர் வந்தது உண்மைதான். இப்போது அடுப்படியிலும் நான்கு கோடு காட்டுகிறது. பக்கத்து வீடுகளில் எல்லோரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலில் நடக்கிறார்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடிக்கிறது. உன் நம்பர்தான். ஒருமுறை நின்றுவிட்டு மறுபடியும் அடிக்கிறது.

அடிக்கட்டும்.

அக்கா